வீடு தேடி வரும் கால்



வன்னியிலே நடப்பதென்றால் தெருவில் நடப்பது மாத்திரமன்று. வயல் வரம்பில் நடக்க வேண்டும். குளக்கட்டில் ஏற வேண்டும். கிணற்றடியில் வழுக்காமல் நிற்க வேண்டும். அடுப்படியில் குந்தி எழ வேண்டும். கோயில் வீதியில் வெறுங்காலுடன் செல்ல வேண்டும். 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்ற யுத்தமும், அது நிலத்துள் விட்டுச் சென்ற கண்ணிவெடிகளும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிற் பலருடைய கால்களைப் பறித்தன. நீரிழிவு நோயும் கால்களைப் பறிக்கின்றது. இவர்களுக்குச் செயற்கைக்கால் பொருத்துபவரும், வலுவிழந்த அவயவத்துக்குத் தாங்குகருவி அமைப்பவருமாகிய ஒருவரின் தொழிலைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

மேல்நாட்டுச் செயற்கைப் பாதம் சப்பாத்துக்குள் அடங்குவதற்கென அமைந்தது. அது நம்மவர் வாழ்க்கைக்கு ஒவ்வவில்லை. இந்தியாவிலே, ஜெய்ப்பூர் நகரில், கைவினைஞர் இராம் சந்திர சர்மாவும் வைத்தியர் பி. கே. சேத்தியும் 1968ஆம் ஆண்டளவில் இறப்பராலான புதிய பாதமொன்றை உருவாக்கினர். அதை அணிந்தவர் வெறுங்காலுடன் சேற்றில் நடக்கலாம், குந்தியும் இருக்கலாம். அந்நகரின் பெயரைத் தாங்கிய நிலையம் யாழ்ப்பாணத்தில் 1987இல் தோன்றிற்று. இக்கலையைக் கற்பிக்கும் பாடசாலை ராகமையில் 2004இல் ஆரம்பமாயிற்று.

செயற்கைக்காலின் உயிர்நிலை பாதமன்று. எஞ்சிய காலைத் தாங்கும் குழியாகும். சாந்துத் துணி சுற்றி அளவெடுத்து, அதிலிருந்து அச்சு வார்த்து, சூடாக்கிய பிளாஸ்ரிக் தகட்டை அதன்மேற் படியவைத்துக் குழியைச் செய்வர். பாரத்தைத் தாங்கவல்ல இடத்தில் அழுத்தமும், எலும்பு துருத்தும் இடத்தில் இளக்கமும் இருத்தல் வேண்டும். இதில் சிறிது பிழைத்தாலும் தோல் புண்ணாகும்.

ஆயினும், கால் கைக்கு வந்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. சத்திரசிகிச்சைக்குப் பின் சில மாதங்களில் எஞ்சிய கால் மெலியும், குழி தளரும். வளரும் பிள்ளைக்குப் பொதுவாக ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் புதுக்கால் வேண்டும். வளர்ந்தவருக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வேண்டும். துணுக்காயிலோ புதுக்குடியிருப்பிலோ உட்கிராமத்தில் வாழும் கூலித் தொழிலாளி இதற்காக நகரம் செல்வதானால் பஸ் செலவோடு அன்றைய கூலியும் போய்விடும். ஆகவே, வலிக்கும் காலைக் கழற்றிச் சுவரிலே மாட்டிவிட்டு, ஊன்றுகோலை எடுத்துக்கொள்கிறார்.

இங்கேதான் வீடு தேடிச் செல்லும் சேவையின் அருமை புலனாகின்றது. நிலையத்துச் சமதரையில் நன்றாக நடந்தவர், தம் வீட்டுப் படியில் தடுமாறுவதை அங்கு சென்றாலன்றிக் காண இயலாது. மலசலகூடத்தில் ஒரு கைப்பிடி, குழிக்குள் அணியும் துணியுறையில் ஒன்று கூடுதலாக, தினமும் தோலைப் பார்க்கும்படி வீட்டாருக்கு ஓர் அறிவுரை: இவை சிறியனவே. ஆயினும் சுவரில் தொங்கும் காலை மீண்டும் நிலத்தில் ஊன்றச் செய்வன இவையே.

நிலையத்தில் இருந்தால் ஒரு நாளிற் பலரைப் பார்க்கலாமே, வீடுவீடாகச் சென்றாற் சிலரைத்தானே பார்க்கலாம் என்று சிலர் வினவுவர். உண்மைதான். அன்றியும் அச்சு வார்க்கும் வேலைக்கும் அடுப்புக்கும் பட்டறை இன்றியமையாதது. ஆனால், பயன்படாத நூறு கால்களைக் கணக்கில் எழுதுவதிலும், பயன்படும் பத்துக் கால்களைக் காப்பது மேலன்றோ? பட்டறையும் வீட்டு வருகையும் ஒன்றையொன்று நிறைவு செய்தல் வேண்டும்.

இறுதியாக, மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. வைத்தியம், பொறியியல் என்ற இரண்டையே நாம் உயர்தொழிலாகக் கருதுகின்றோம். உடற்கூற்று அறிவும், பொறிநுட்பமும், கைவினையும் கூடிய தொழில் இது. ‘குத்துகிறது’, ‘கடுக்கிறது’, ‘எரிகிறது’, ‘அரிக்கிறது’ என்று நோயாளி சொல்லும்போது, அந்நான்கும் நான்கு வேறு வேதனைகள் என்பதைத் தமிழறிந்த செவி உடனே உணரும். இல்லாத பாதம் நோகிறதென்று ஒருவர் சொன்னால், அது பைத்தியமன்று, நரம்பின் இயல்பே என்று அவர் மொழியிலேயே ஆறுதல் கூறும். இம்மண்ணின் பிள்ளைகள் இத்தொழிலை நாடுவார்களாயின், இம்மண்ணில் மீண்டும் நடக்க விரும்புவோர் தனித்து நிற்க மாட்டார்கள்.