தச்சர் என்னும் பெயர்

மேனாட்டுச் சங்கீதம் ஒலிபரப்பாகும் வேளைகளில் சார்பென்டியர் என்னும் பெயரை நம்மிற் சிலர் கேட்டிருத்தல் கூடும். பிரெஞ்சுக்காரர் அதனை ஏறத்தாழ ‘ஷர்ப்பாந்த்யே’ என்று உச்சரிப்பர். ஈற்றிலுள்ள ரகரம் எழுத்தில் நிற்குமேயன்றி நாவில் எழாது. பொருளோ மிக எளியது: தச்சர்.

எனினும் எல்லாத் தச்சரையும் அச்சொல் குறிப்பதில்லை. உத்திரமும் கைமரமும் ஏற்றிக் கட்டடத்தின் மரச்சட்டகத்தை நிறுத்துபவரே ஷர்ப்பாந்த்யே. கதவு, சன்னல், அலமாரி செய்வோருக்கு மெனுயிஸியே என்று வேறு பெயர் உண்டு. 2019 ஏப்ரல் 15-ஆம் நாள் பாரிஸ் நோத்ர்தாம் பேராலயத்தின் கூரை எரிந்தது. அதனை மீண்டும் ஓக் மரத்தாலேயே எழுப்பியவர்கள் முற்கூறிய வகையினர். 2024 டிசம்பரில் ஆலயம் திறக்கப்பட்டது.

சொல்லின் வேரைத் தேடினால் கூரையை விட்டுச் சாலைக்கு வந்துவிடுகிறோம். லத்தீனில் கார்ப்பென்டும் என்பது இருசக்கர வண்டி. பண்டைக் கால்லிய மக்களிடமிருந்து ரோமர் பெற்ற சொல் அது. அவ்வண்டியைச் செய்தவன் கார்ப்பென்டாரியுஸ். தேர் செய்யும் தச்சனை ஔவையார் புறநானூற்றில் பேசியிருப்பதை அறிந்த நமக்கு இது புதுமையன்று. பிரான்சின் வடபுலத்தில் முதலெழுத்தின் ககர ஒலி மாறாது நின்றமையால் அங்கே கார்ப்பாந்த்யே என்றே குடும்பப் பெயர் வழங்குகிறது. 1921-இல் ஜாக் டெம்ப்ஸியிடம் தோற்ற குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் கார்ப்பாந்த்யே அந்தப் பக்கத்தவரே. ஆங்கிலக் கார்ப்பென்டரும் நார்மானியர் வழியே கடல் கடந்த அதே சொல்.

இனி இசைவாணருக்கு வருவோம். மார்க் அந்த்வான் ஷர்ப்பாந்த்யே 1643-இல் பிறந்தார். அவர் தந்தை லூயி உளி பிடித்தவர் அல்லர், எழுதுகோல் பிடித்தவர். எழுத்துத் தொழிலில் தேர்ந்தவர். மைந்தர் ரோமாபுரி சென்று காரிஸ்ஸிமியிடம் பயின்று மீண்டு, 1673-இல் மோலியேரின் கடைசி நாடகத்துக்கு இசையமைத்தார். லுல்லி மன்னரிடம் பெற்றிருந்த தனியுரிமை இசை நாடகத்தில் பலரையும் தடுத்தது. லுல்லி மறைந்து ஆறாண்டு கழித்தே, 1693-இல், ஷர்ப்பாந்த்யேயின் ‘மெதே’ அரங்கேறியது. 1698 முதல் 1704-இல் இறக்கும் வரை சேன்த் ஷப்பெல் ஆலயத்தின் இசைத் தலைவராயிருந்தார். ‘கார்ப்பென்டாரியுஸின் கல்லறை வாசகம்’ என்ற பொருளில் லத்தீனில் ஓர் உருப்படி செய்து, அதிலே தம் ஆவியே தோன்றித் தம்மைப் பற்றிப் பேசுமாறு அமைத்தார். தம் பெயரை இவ்வாறு லத்தீனாக்கி விளையாடிய அந்த நகைச்சுவை நமக்குப் பெரிதும் உவப்பானது.

‘லூயீஸ்’ என்னும் இசைநாடகத்தை 1900-இல் அளித்த குஸ்தாவ் ஷர்ப்பாந்த்யே வேறொருவர். அவர் தந்தை ரொட்டி சுடுபவர்! ரொட்டி சுடுபவர் என்றே பொருள்படும் பூலான்ஜே என்னும் பெயருடைய நாதியா அம்மையாரின் தந்தையோ இசைவாணர். 2020-இல் வேதியியலுக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட இமானுவேல் அம்மையாரும் ஒரு ஷர்ப்பாந்த்யேயே.

பெயர் தொழிலுக்குச் சாட்சியாகாமற் போனது எவ்வாறு? தொழில் தலைமுறைதோறும் மாறலாம். பெயர் பதிவேட்டில் உறைந்துவிட்டது. பிறப்புப் பதிவிலுள்ள பெயரன்றி வேறு தரிக்கலாகாதென்று 1794-இல் சட்டமே பிறந்தது. வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இது தொலைவான செய்தியன்று. விண்ணப்பத்தாளில் குடும்பப் பெயர் எனும் கட்டம் கண்டு, வேறு வழியின்றித் தந்தையார் பெயரை அங்கே இடுகிறோம். பேரப்பிள்ளைகளும் அதனையே தாங்கினால், ஒருவருடைய சொந்தப் பெயர் ஒரு குலத்துக்கே முத்திரையாகிறது. குஜராத்திலும் ராஜஸ்தானத்திலும் சுதார் என்னும் பெயருடைய அண்டை வீட்டாரை நாம் அறிவோம், அதுவும் தச்சரே. அவர் வங்கியில் கணக்கெழுதுபவராயிருக்கலாம். பெயரைக் கேட்டவுடன் ஆளை அளக்கும் வழக்கம் நம்மிடையேயும் உண்டு. அது நமக்கு ஒப்புதலன்று.

இசைத்தட்டு தேடும் நேயர்கள் குடும்பப் பெயரை மட்டும் சொன்னால் குஸ்தாவ் கைக்கு வந்துவிடலாம். மார்க் அந்த்வான் என்று சேர்த்துக் கேட்க. அவருடைய ‘தே தேயும்’ நெடுங்காலம் மறைந்து கிடந்து 1953-இல் வெளிப்பட்டது. அதன் முன்னிசையையே மறு ஆண்டில் யூரோவிஷன் ஒளிபரப்புக் கூட்டமைப்பு தன் அடையாள இசையாக்கிற்று. எக்காளமும் முரசும் முழங்கத் தொடங்கும் அந்த இசையை முதலில் கேட்பது நன்று.