கணினிக்கு முகவரி கிடைக்காதபோது



பள்ளிக் கணினிக்கூடத்தில் பாடம் தொடங்குகிறது. இருபது மாணவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். பதினைந்து கணினிகளில் இணையம் வருகிறது. ஐந்தில் வரவில்லை. ஆசிரியர் அவற்றை அணைத்துப் போட்டுப் பார்க்கிறார். பயனில்லை. மறுநாள் அந்த ஐந்தின்மீதும் ‘பழுது’ என்று எழுதிய தாள் ஒட்டப்படுகிறது. நகரத்திலிருந்து தொழில்நுட்பர் வரும்வரை அந்தத் தாள் அங்கேயே இருக்கும். அவர் வருவதற்கு ஒரு வாரமும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம்.

வீட்டில் கணினி உள்ள பிள்ளைக்கு இதனால் பெரிய இழப்பு இல்லை. வீட்டில் கணினியே இல்லாத பிள்ளைக்கோ, வாரத்தில் கிடைக்கும் அந்த ஒரு பாடவேளைதான் எல்லாம். அந்தப் பிள்ளை இருண்ட திரையின் முன் உட்கார்ந்து திரும்பினால், இழப்பு முழுவதும் அவனுடையது. ஆனால் அந்த ஐந்து கணினிகளில் பெரும்பாலும் எந்தப் பழுதும் இருப்பதில்லை. அவற்றுக்கு முகவரி கிடைக்கவில்லை, அவ்வளவே. முகவரி எப்படிக் கிடைக்கிறது, கிடைக்காவிட்டால் காரணத்தை எந்த வரிசையில் தேடுவது என்பவற்றை இன்று நாம் காண்போம்.

வலையமைப்பில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் வேண்டும். அதனை ஐ.பி. முகவரி என்கிறோம். நாம் மிகுதியாகக் காணும் வகையில் நான்கு எண்கள் புள்ளியிட்டு நிற்கும். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கலாம். பள்ளிகளிலும் வீடுகளிலும் உள்ள முகவரிகள் பெரும்பாலும் 192.168 என்றோ 10 என்றோ தொடங்கும். இவை உட்புறப் பயனுக்கென்றே ஒதுக்கப்பட்டவை.

முன்பு இந்த எண்களை ஒருவர் கணினி கணினியாகச் சென்று கையால் எழுதி வைத்தார். பத்துக் கணினிகளுக்கு அது முடியும். ஆயிரம் கணினிகளுக்கு முடியுமா? 1985ஆம் ஆண்டில் ‘பூட்பி’ என்னும் முறை வந்தது. அதிலிருந்து வளர்ந்த ‘டைனமிக் ஹோஸ்ட் கான்ஃபிகரேஷன் புரோட்டோகால்’, சுருக்கமாக டி.எச்.சி.பி., 1993இல் வெளியிடப்பட்டது. அமெரிக்காவின் பக்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரால்ஃப் டிராம்ஸ் எழுதி, 1997 மார்ச்சில் வெளிவந்த திருத்தப் பதிப்பே இன்றும் அதற்கு அடிப்படையாக இருக்கிறது.

அது வேலை செய்யும் விதத்தை நமக்குப் பழக்கமான ஒன்றைக் கொண்டு விளக்கலாம். தோட்டத்திற்குப் புதிதாக ஒரு குடும்பம் வேலைக்கு வந்தால் என்ன நடந்தது? ஆபீசுக்குப் போய் வீடு கேட்டார்கள். கிராணியார் பதிவேட்டைப் புரட்டி, காலியாக உள்ள லயத்து வீட்டின் எண்ணைச் சொன்னார். குடும்பத்தார் சம்மதித்ததும் பெயரைப் பதிந்துகொண்டார். வீடு அவர்களுக்குச் சொந்தமன்று. வேலையில் இருக்கும்வரை குடியிருக்கலாம்.

கணினியும் அப்படித்தான். இயங்கத் தொடங்கியதும், ‘முகவரி கொடுப்பவர் யாராவது இருக்கிறீர்களா?’ என்று வலையமைப்பு முழுவதும் கேட்கும்படி கூவுகிறது. முகவரி வழங்கி, ‘இந்த எண் இருக்கிறது’ என்று பதில் சொல்கிறது. ‘அதனையே எனக்குக் கொடுங்கள்’ என்கிறது கணினி. ‘கொடுத்தோம், இத்தனை மணி நேரத்திற்கு உனக்கு’ என்று வழங்கி முடிக்கிறது. கூவல், முன்மொழிவு, வேண்டுகோள், உறுதி என்னும் இந்த நான்கு பேச்சுகளும் நொடிப்பொழுதில் முடிந்துவிடும். முகவரியோடு, வெளியுலகுக்குச் செல்லும் வாயில் எது, பெயர்களை எண்களாக்கித் தரும் டி.என்.எஸ். வழங்கி எது என்னும் விவரங்களும் கிடைக்கின்றன. குத்தகைக் காலத்தில் பாதி கழிந்ததும் கணினி தானாகவே புதுப்பிக்கக் கேட்கும். சிறிய பள்ளிகளில் இந்தக் கிராணியார் வேலையைப் பார்ப்பது பெரும்பாலும் ரௌட்டர்தான்.

இனி, தவறு நேர்ந்தால் எப்படித் தேடுவது? பதறாத காரியம் சிதறாது என்பார்கள். ஆகவே எதையும் பிடுங்குவதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேட்போம்.

முதற் கேள்வி: எத்தனை கணினிகளில் இந்தக் குறை இருக்கிறது? ஒன்றில் மட்டும் என்றால் அந்தக் கணினியையோ அதன் கேபிளையோ பார்க்க வேண்டும். ஒரு வரிசை முழுவதும் என்றால் அந்த வரிசையை இணைக்கும் சுவிட்ச் பெட்டியைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் என்றால் முகவரி வழங்கியைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும்.

இரண்டாம் கேள்வி: கணினியிடம் இப்போது என்ன எண் இருக்கிறது? விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். தோன்றும் சிறு பெட்டியில் சி, எம், டி என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளை எழுதி என்டர் விசையைத் தட்டுங்கள். கறுப்புத் திரை வரும். அதில் ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்னும் எட்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதி, ஓர் இடம் விட்டு, ஒரு சாய்கோடு போட்டு, ஏ, எல், எல் என்று எழுதி மீண்டும் என்டரைத் தட்டுங்கள். கணினியின் முகவரி விவரம் முழுவதும் வரும். நன்றாக வேலை செய்யும் பக்கத்துக் கணினியிலும் இதனையே செய்து, இரண்டையும் ஒப்பிடுங்கள்.

இப்போது நான்கு நிலைகளில் ஒன்றைக் காண்போம்.

முதல் நிலை, இணைப்பே இல்லை என்னும் செய்தி. இது முகவரிச் சிக்கலன்று, கேபிள் சிக்கல். கேபிள் செருகப்பட்ட இடத்தில் சிறு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லையானால் பக்கத்துக் கணினியின் கேபிளை எடுத்துச் செருகிப் பாருங்கள். அதில் விளக்கு எரிந்தால் பழைய கேபிளோ, சுவிட்ச் பெட்டியில் அது செருகியிருந்த துளையோதான் காரணம்.

இரண்டாம் நிலை, எண் 169.254 என்று தொடங்குவது. இது மிகவும் பயனுள்ள அடையாளம். ‘நான் கூவினேன், ஒருவரும் பதில் சொல்லவில்லை’ என்று கணினி நமக்குச் சொல்கிறது. வீடு கிடைக்காத குடும்பம் மரத்தடியில் கொட்டகை போட்டுக்கொள்வதைப்போல, கணினி தனக்குத் தானே ஓர் எண்ணை வைத்துக்கொண்டது. அந்த எண்ணோடு ரௌட்டரைத் தாண்டி வெளியே போக முடியாது.

இந்நிலையில் மறுபடியும் கேட்கச் சொல்லிப் பார்க்கலாம். முன் சொன்ன எட்டு எழுத்துகளை எழுதி, இடம் விட்டு, சாய்கோடு போட்டு, ‘ரிலீஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லை எழுதினால் பழைய முகவரி கைவிடப்படும். அதேபோல் ‘ரினியூ’ என்று எழுதினால் கணினி புதிதாகக் கேட்கும். எண் கிடைத்துவிட்டால், முதலில் கேட்டபோது வழங்கி தயாராக இருக்கவில்லை என்று பொருள். நம் நாட்டில் இடியும் மின்தடையும் புதியவை அல்ல. மின்சாரம் திரும்பியதும் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்கின்றன. கணினி எழுந்து கூவும்போது ரௌட்டர் இன்னும் கண் விழிக்காமல் இருக்கலாம். ஆகவே மின்தடைக்குப் பிறகு முதலில் ரௌட்டர், அடுத்துச் சுவிட்ச் பெட்டி, கடைசியில் கணினிகள் என்னும் வரிசையில் இயக்குவது நல்லது. சில உயர்தரச் சுவிட்ச் பெட்டிகள் கேபிளில் சுற்று ஏதும் ஏற்பட்டுள்ளதா என்று ஆராய, புதிதாக இணைந்த கருவியை ஏறத்தாழ 30 விநாடிகள் காக்க வைப்பதும் உண்டு.

‘ரினியூ’ செய்தும் எண் கிடைக்கவில்லையா? அப்போது வழங்கியிடம் கொடுக்க எண் மீதம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரௌட்டரில் 100 முதல் 149 வரை என்று எல்லை வைத்திருந்தால், இருப்பவை 50 முகவரிகள்தாம். கணினிகள் முப்பது, ஆசிரியர்களின் கைப்பேசிகள், மடிக்கணினிகள், வருகையாளர்களின் கைப்பேசிகள் என்று காலையிலேயே ஐம்பதும் தீர்ந்துவிடும். குத்தகை 24 மணி நேரம் என்றால், வந்தவர் வீட்டுக்குப் போன பிறகும் அவர் எண் பதிவேட்டில் பூட்டிய வீடாகவே நிற்கும். போதாக்குறைக்கு, இக்காலக் கைப்பேசிகள் உண்மையான வன்பொருள் எண்ணை மறைத்து, ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு புனை எண்ணைக் காட்டுகின்றன. பள்ளியில் இரண்டு வைஃபை பெயர்கள் இருந்து, இரண்டும் ஒரே பதிவேட்டுக்கு உட்பட்டிருந்தால், ஒரே கைப்பேசி இரண்டு வீடுகளைப் பிடித்துக்கொள்ளலாம்.

இதன் அறிகுறி எளிது: காலையில் முதலில் வந்தவர்களுக்குக் கிடைக்கும், பிறகு வந்தவர்களுக்குக் கிடைக்காது. எல்லையை விரிவாக்குவதும், குத்தகையை இரண்டு மூன்று மணி நேரமாகக் குறைப்பதும், வருகையாளர்களுக்குத் தனி வலையமைப்பு வைப்பதும் இதற்கு மருந்து.

மூன்றாம் நிலை, எண் கிடைத்திருக்கிறது; ஆனால் பக்கத்துக் கணினியின் எண்ணோடு ஒத்துவரவில்லை. ஒரு பள்ளியில் நாங்கள் கண்டதைச் சொல்கிறோம். சில கணினிகளில் 192.168.1 என்று தொடங்கும் எண்; அவற்றில் இணையம் வந்தது. மற்றவற்றில் 192.168.0 என்று தொடங்கும் எண், அவற்றில் வரவில்லை. மறுநாள் பார்த்தால் நேற்று வேலை செய்தது இன்று வேலை செய்யவில்லை. நேற்று செய்யாதது இன்று செய்தது. பேய் பிடித்ததோ என்று கூடச் சிலர் வேடிக்கையாகச் சொன்னார்கள். விவரத் திரையில் ‘டி.எச்.சி.பி. சர்வர்’ என்னும் வரியைப் பார்த்ததும் உண்மை வெளிப்பட்டது. முகவரி கொடுத்தது பள்ளி ரௌட்டர் அன்று. வைஃபை எட்டாத ஓர் அறைக்காக ஒருவர் நல்லெண்ணத்தோடு வீட்டிலிருந்த பழைய ரௌட்டரைக் கொண்டுவந்து பொருத்தியிருந்தார். அதுவும் தன் பங்குக்கு முகவரி வழங்கத் தொடங்கிவிட்டது. ஒரே தோட்டத்தில் இரண்டு கிராணியார்கள்! கணினிகள் பெரும்பாலும் முதலில் வரும் பதிலையே ஏற்கின்றன. ஆகவே எந்தக் கணினி எவரிடம் சிக்கும் என்று சொல்ல முடியாமற் போயிற்று.

இத்தகைய ரௌட்டரைக் கழற்றிவிட வேண்டும். அது தேவைதான் என்றால், அதில் டி.எச்.சி.பி. பணியை நிறுத்தி, வேறு எந்தக் கருவிக்கும் இல்லாத ஒரு முகவரியை அதற்குக் கொடுத்துப் பயன்படுத்தலாம். பிறகு, தவறான எண் பெற்ற கணினிகளில் ‘ரிலீஸ்’, ‘ரினியூ’ இரண்டையும் செய்ய வேண்டும்.

நான்காம் நிலை, எண் சரியாகவே இருக்கிறது; ஆயினும் இணையம் இல்லை. வாயில் முகவரிக்கு ‘பிங்’ கட்டளை அனுப்பிப் பாருங்கள். பி, ஐ, என், ஜி என்று எழுதி, இடம் விட்டு, அந்த எண்ணை எழுதினால் போதும். பதில் வந்தால் முகவரி வழங்கல் தன் கடமையைச் செய்துவிட்டது. குறை டி.என்.எஸ். வழங்கியிலோ, வெளியிலிருந்து வரும் இணைப்பிலோ இருக்கிறது. இணையச் சேவை தரும் நிறுவனத்தை அழைக்க அதுவே சரியான நேரம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. முகவரி வராத கணினிக்குக் கையால் ஓர் எண்ணை எழுதிக் கொடுத்துவிடும் பழக்கம் பலரிடம் உண்டு. இணையம் உடனே வந்துவிடும், எல்லாரும் மகிழ்வார்கள். ஆனால் கிராணியாருக்குத் தெரியாமல் ஒரு வீட்டில் குடியேறியதற்கு அது ஒப்பாகும். ஒருநாள் வழங்கி அதே எண்ணை வேறொரு கணினிக்குக் கொடுக்க நேரும். அப்போது இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். அச்சுப்பொறிபோல் நிலையான எண் தேவைப்படும் கருவிகளுக்கு, வழங்கும் எல்லைக்கு வெளியே உள்ள எண்ணைக் கொடுங்கள். அல்லது ரௌட்டரிலேயே அதன் பெயரில் ஓர் எண்ணை ஒதுக்கி வையுங்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். ரௌட்டருக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பேட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். வழங்கும் எல்லை எது, ஒதுக்கிய எண்கள் எவை, எந்தக் கருவி எங்கே பொருத்தப்பட்டது, எந்த நாளில் என்ன குறை வந்தது, எப்படித் தீர்ந்தது என்று எழுதி வையுங்கள். ரௌட்டரின் கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுதாமல் தலைமையாசிரியரிடம் ஒப்படையுங்கள். சிறிய பள்ளிகளில் கணினி தெரிந்த ஆசிரியர் ஒருவரே இருப்பார். அவர் மாற்றலாகிப் போனால் அவருடைய அறிவும் அவரோடு போய்விடுகிறது. குறிப்பேடு போகாது.

எத்தனை கணினிகள், என்ன எண், யார் கொடுத்தது? இந்த மூன்று கேள்விகளையும் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கே கற்றுக்கொடுக்கலாம். அவர்கள் ஆர்வத்தோடு செய்வார்கள். ‘பழுது’ என்னும் தாளை ஒட்டுவதற்கு முன் இவற்றைக் கேட்டுப் பார்ப்போம். பல கணினிகள் அன்றைக்கே பாடத்திற்குத் திரும்பும். அவற்றின் முன் அமரக் காத்திருக்கும் பிள்ளைகளின் பாடவேளையும் வீணாகாது.