ஊரே முதலாளி



கென்யாவுக்குப் போகிற பயணிகள் பலர் வேனில் வந்து இறங்கி, மாசாய் மக்கள் குதித்து ஆடுவதைப் படம் எடுத்துக்கொண்டு, அரை மணியில் கிளம்பிவிடுவார்கள். கொடுத்த பணத்தில் ஊருக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

லைக்கிப்பியா பகுதியில் இருக்கிற இல் ங்வேசி மாசாய் மக்கள் வேறு வழி பார்த்தார்கள். 1996-இல் தங்கள் பொது நிலத்திலேயே ஒரு விடுதி தொடங்கினார்கள். உள்ளூர் மரத்தால் கட்டி, புல் வேய்ந்த சில குடில்கள், அவ்வளவுதான். கட்ட வெளியிலிருந்து உதவி வந்தது. ஆனால் சொந்தக்காரர் ஊர்தான். சமைப்பது, வழிகாட்டுவது, காவல் காப்பது எல்லாம் ஊர்ப் பிள்ளைகள். வருமானம் பிள்ளைகளின் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் போகிறது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: பணத்தை எதற்குச் செலவழிப்பது என்பதை அந்தச் சமூகமே முடிவுசெய்கிறது.

நிலத்தின் பெரும்பகுதியை வனவிலங்குகளுக்கு விட்டுவைத்திருக்கிறார்கள். யானை உயிரோடு நடமாடினால்தானே விருந்தாளி வருவார்! இந்த முயற்சிக்கு 2002-இல் ஈக்வேட்டர் பரிசு கிடைத்தது. அது ஐ.நா. வளர்ச்சித் திட்டம் முன்னின்று வழங்குகிற பரிசு.

ஆனால் சுற்றுலா எப்போதுமே கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது. 2020-இல் கொரோனா வந்தபோது கென்யாவுக்கு வரும் பயணிகள் கூட்டமே நின்றுபோனது. இல் ங்வேசி மக்கள் சுற்றுலாவை மட்டும் நம்பி மாடு வளர்ப்பைக் கைவிடவில்லை. கடும் வறட்சி வந்தால், விலங்குகளுக்கென்று ஒதுக்கிய நிலத்திலும் மாடுகள் மேயும்.