காகிதத்தில் காணாமற்போன ஒன்பது வருஷம்

(முன்னாள் மாணவியர் சந்திப்பில் நிகழ்த்திய உரை)



"மழலையர் பள்ளி வேலைக்குப் போக நினைக்கிற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கக்கா" என்று சங்கச் செயலாளர் கேட்டார். அந்தத் தகுதி எனக்கு ஏமாந்ததால் வந்தது.

பட்டம் வாங்கிய கையோடு ஊரில் ஒரு நர்சரிப் பள்ளியில் சேர்ந்தேன். ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். நியமன ஆணை கேட்கத் தோன்றவில்லை. சம்பளத்தைக் கவரில் போட்டுத் தருவார்கள். குடும்பத்தோடு வேறு ஊர் போக நேர்ந்தபோது அனுபவச் சான்று கேட்டேன். "டிரெயினிங் முடிக்காதவங்களுக்கு அதெல்லாம் தர்றதில்லம்மா" என்றார்கள். புதிய பள்ளியில், அந்த வருஷம் கல்லூரி முடித்து வந்த பெண்ணுக்கு என்ன சம்பளமோ, அதேதான் எனக்கும். அன்று ராத்திரி அழுதேன். மறுநாளிலிருந்து விசாரிக்க ஆரம்பித்தேன். அப்படித் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலாவது, எந்தப் படிப்பு எந்தக் கதவைத் திறக்கும் என்று பார்த்துச் சேருங்கள். டெட் தேர்வு 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கானது. மழலையர் கல்விக்கென்றே இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகளில் தனியாக இருக்கிறது. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கே வந்து பயிற்சி நடத்தினார். இன்றைக்கு அவர் பெயரைப் பலகையில் எழுதி, சில வாரங்களில் சான்றிதழ் தருகிறவர்களும் உண்டு. பணம் கட்டுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: அங்கீகாரம் யாருடையது? பிள்ளைகளோடு நேரடிப் பயிற்சி எத்தனை நாள்? பதிலில் இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது, காகிதம். நியமன ஆணை, சம்பளச் சீட்டு, பயிற்சிச் சான்று எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். வருஷா வருஷம் பணிச் சான்று எழுதி வாங்குங்கள். கேட்பதற்குக் கூச்சமாகத்தான் இருக்கும். கூச்சப்பட்டு நான் இழந்ததைத்தான் இப்போது கேட்டீர்களே!

மூன்றாவது, தினம் ஒரு குழந்தையைக் கவனித்து நாலு வரி எழுதுங்கள். யாரோடும் பேசாத பிள்ளை எப்போது வாய் திறந்தது, பென்சிலை எப்படிப் பிடிக்கிறது, எதற்காக அழுதது. இதற்கு எந்தப் பயிற்சி நிலையமும் வேண்டாம். நேர்முகத் தேர்வில் அந்த நோட்டை நீட்டிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

அங்கன்வாடியைச் சிறியதாக எண்ண வேண்டாம். 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய திட்டம் அது. 2020 தேசியக் கல்விக் கொள்கை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பணியாளருக்கு 6 மாதச் சான்றிதழ்ப் பயிற்சியும், அதற்குக் குறைவாகப் படித்தவருக்கு ஓராண்டுப் பட்டயமும் வேண்டும் என்றது. அங்கன்வாடிப் பணியாளருக்கும் உதவியாளருக்கும் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அதுவும் சும்மா வரவில்லை. வேலை செய்த பெண்கள் வழக்காடிப் பெற்றது.

"சின்னப் பிள்ளைங்களைப் பாத்துக்கிற வேலைதானே, அதுக்கு என்ன படிப்பு?" என்று உங்கள் வீட்டிலும் கேட்பார்கள். படிப்பு இல்லாமல் பிள்ளைகளை அடக்கி உட்கார வைக்கலாம். கற்றுக்கொடுக்க முடியாது.

பிள்ளைகளிடம் என் ஒன்பது வருஷம் வீண்போகவில்லை. காகிதத்தில்தான் காணாமற்போனது. அன்று வழி சொல்ல ஓர் அக்கா இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்: மாதம் ஒரு சனிக்கிழமை, நம் கல்லூரியிலேயே ஒரு மேசை போடுவோம். முதல் சனிக்கிழமை நான் வந்து உட்காருகிறேன். தங்கைகள் சான்றிதழ்களோடு வாருங்கள். இல்லாதவர்கள் கேள்விகளோடு வாருங்கள்.