கொல்லர் தந்த குடும்பப் பெயர்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



ஆங்கிலேயர் ஒருவரின் பெயருக்குப் பின்னால் நிற்கும் குடும்பப் பெயரைக் கேட்டதும், அது ஏதோ பரம்பரைப் பெருமையைச் சொல்லும் பட்டம் என்று நம்மில் பலர் எண்ணிக்கொள்கிறோம். அப்படிப்பட்ட ஒரு பெயரை எடுத்து, அதன் வேரை இன்று தேடிப் பார்ப்போம். அந்தப் பெயர் ஸ்மித்.

இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் மிக அதிகமானோர் கொண்டிருக்கும் குடும்பப் பெயர் இதுதான். அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டு நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மட்டும் 2.4 மில்லியனுக்கும் மேற்பட்ட ஸ்மித்துகள் இருந்தனர்.

ஸ்மித் என்றால் என்ன பொருள்? கொல்லர். அவ்வளவுதான். அரசர் அளித்த பட்டமும் அல்ல, நிலவுடைமையின் அடையாளமும் அல்ல. துருத்தி ஊதி, சம்மட்டி அடித்துப் பிழைத்த ஓர் உழைப்பாளியின் தொழிற்பெயர் அது.

ஒரு காலத்தில் சாதாரண ஆங்கிலேயருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றினார்கள். அதன் பிறகு பழைய ஆங்கிலப் பெயர்கள் மெல்ல மறைந்து, வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், ஜான், தாமஸ் போன்ற ஒரு சில பெயர்களையே மக்கள் தங்கள் பிள்ளைகளுக்கு வைக்கத் தொடங்கினார்கள். ஒரே ஊரில் ஐந்தாறு ஜான்கள் இருந்தால் எந்த ஜான் என்று எப்படிச் சொல்வது?

ஊரார் நான்கு வழிகளைக் கண்டார்கள். ஜானின் மகன் என்றால் ஜான்சன். நம் அடையாள அட்டையில் இன்னாரின் மகன் என்று இருக்கிறதே, அதே முறைதான். குன்றருகே குடியிருந்தவர் ஹில். குட்டையானவர் ஷார்ட். நான்காவது வழி தொழில். ரொட்டி சுடுபவர் பேக்கர், துணி தைப்பவர் டெய்லர், பீப்பாய் செய்பவர் கூப்பர், இரும்படிப்பவர் ஸ்மித்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. அன்றைய இங்கிலாந்தில் பெரும்பாலோர் உழவர்களாயிற்றே! அப்படியானால் உழவரைக் குறிக்கும் பெயரல்லவா முதலிடத்துக்கு வந்திருக்க வேண்டும்?

எல்லாரும் உழுகின்ற ஊரில் உழவர் ஜான் என்று சொன்னால் யாரென்று தெரியும்? கொல்லர் ஜான் என்றால் உடனே தெரிந்துவிடும். ஏனெனில் ஒரு கிராமத்தில் கொல்லர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். அதே வேளையில், கொல்லர் இல்லாமல் ஊர் நடக்காது. ஏருக்குக் கொழு, அறுவடைக்கு அரிவாள், குதிரைக்கு லாடம், கதவுக்குக் கீல், இவை அனைத்தும் அவர் கையால் வந்தாக வேண்டும். ஊருக்குள் அபூர்வம், ஆனால் ஊர்தோறும் உண்டு. ஸ்மித் என்ற பெயர் பெருகியதன் இரகசியம் இதுதான்.

ஊரார் அழைத்த பெயர் குடும்பப் பெயராக நிலைத்தது எப்படி? அதில் அரசாங்கத்துக்கும் பங்கு உண்டு. 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் இங்கிலாந்தில் தலைவரி விதிக்கப்பட்டது. வரி வாங்க வேண்டுமானால் பட்டியல் வேண்டும், பட்டியலில் ஆள் தெளிவாக இருக்க வேண்டும். அந்த வரியை எதிர்த்து 1381இல் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் வாட் டைலர். டைலர் என்றால் ஓடு வேய்பவர். அவர் லண்டனில் ஸ்மித்ஃபீல்டு என்ற இடத்தில் கொல்லப்பட்டார். அந்த இடத்துக்கும் கொல்லருக்கும் தொடர்பு இல்லை. சமமான வெளி என்ற பொருளில் வந்த பெயர் காலப்போக்கில் அப்படித் திரிந்துவிட்டது.

பின்னர் 1538இல், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஒவ்வொரு தேவாலயமும் பதிவு செய்ய வேண்டும் என்று ஆணை பிறந்தது. பெயர் ஏட்டில் ஏறியது. தந்தையிடமிருந்து பிள்ளைக்குப் போனது. ஆனால் தொழில் அப்படிப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. 14ஆம் நூற்றாண்டு வரிப் பட்டியல்களிலேயே, குடும்பப் பெயர் ஒன்றும் தொழில் வேறொன்றுமாக இருப்பவர்களைக் காண்கிறோம்.

1776இல் பொருளாதார நூல் எழுதிப் புகழ்பெற்றவரின் பெயரும் ஆடம் ஸ்மித் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். ஆணி அடித்துப் பழக்கமில்லாத சாதாரணக் கொல்லர் நாளுக்கு இருநூறு, முந்நூறு ஆணிகளே செய்வார் என்றும், அதையே தொழிலாகக் கொண்ட இளைஞர்கள் 2,300க்கும் மேல் செய்வதைத் தாம் பார்த்ததாகவும் அவர் அந்நூலில் எழுதினார். பெயரிலே கொல்லராக இருந்தவர், கிராமத்துக் கொல்லரின் காலம் முடியப்போவதற்கான காரணத்தையும் சொல்லிவிட்டார்!

இன்றுள்ள ஸ்மித்துகள் எல்லாரும் ஒரே குடும்பத்தார் அல்லர். ஊர்தோறும் தனித்தனியே தோன்றிய பெயர் அல்லவா? அயர்லாந்தில் கொல்லர் மகன் என்று பொருள்படும் மெக்கவன் குடும்பங்கள் சில, ஸ்மித் என்று மாறின. அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானிய ஷ்மிட்டுகள் பலரும் ஸ்மித் ஆனார்கள். அந்நாட்டு ஸ்மித்துகளில் ஏறத்தாழ 23 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். 1865இல் அடிமைத்தளை அறுந்தபின், ஏட்டில் எழுத ஒரு குடும்பப் பெயர் தேவைப்பட்டவர்களின் வழித்தோன்றல்களும் அவர்களில் உண்டு. ஒரு பெயருக்குள் உழைப்பும் இருக்கிறது, கண்ணீரும் இருக்கிறது.

நேயர்களே, அரண்மனை வரலாற்றில் கிராமத்துக் கொல்லருக்கு இடமில்லை. ஆனால் அவருடைய தொழிற்பெயரை இன்று நீதிபதியும் மருத்துவரும் பேராசிரியரும் சுமக்கிறார்கள். என் முன்னோர் இரும்படித்தவர் என்பதை அந்தப் பெயர் ஒவ்வொரு நாளும் சொல்கிறது. அதைச் சொல்ல அவர்கள் கூசுவதில்லை. கொல்லர் பெயர் இருக்கிறது, அதனால் நீ கொல்லனாகவே இரு என்று அவர்களை யாரும் கட்டிப்போடுவதுமில்லை.

நம்மிடையே இன்னமும் ஒருவருடைய பாட்டனார் செய்த தொழிலைச் சொல்லி அவரை அளந்து பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பெண் பார்க்கும்போதும், சங்கத் தேர்தலின்போதும் அது தலைகாட்டுகிறது. தொழிலின் பெயர் நினைவாக இருக்கட்டும், விலங்காக வேண்டாம். ஸ்மித் என்ற சின்னஞ்சிறு பெயரிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளக்கூடியது இதுவே.