எங்கள் பழைய விடுதி
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் விடுதி மாணவிகள் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



இந்த உரையை வாசிப்பவர் ஒருவர். எழுதியவர்கள் ஒன்பது பேர். 1988 க்கும் 1995 க்கும் இடையில் இக்கல்லூரி விடுதியில் இருந்தவர்கள் நாங்கள். நெடுந்தீவு, நயினாதீவு, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் என்று ஊர்கள் வேறு. இருந்த ஆண்டுகளும் வேறு. ஆனபடியால் ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்து, மூன்று கிழமை தொலைபேசியில் சண்டை பிடித்துத்தான் இதை எழுதி முடித்தோம். கிணற்றடியில் நின்றது மாதுளையா தேசியா என்பது இன்னும் தீரவில்லை.

விடுதி இடிக்கப்பட்டது போன வைகாசியில். இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், வெளிநாட்டில் இருக்கும் எங்களில் ஐந்து பேர் இடிக்கக் கூடாது என்று அதிபருக்குக் கடிதம் எழுதினோம். அந்தக் கடிதத்தை இப்போது வாசித்தால் வெட்கமாயிருக்கிறது. கடைசியாகப் பிள்ளைகள் அங்கே எப்போது தங்கினார்கள், கூரை எத்தனை இடத்தில் ஒழுகுகிறது என்று ஒன்றையும் கேளாமல் எழுதிய கடிதம் அது. திருத்துவதற்கு ஒரு சதமும் தருவதாக அதில் இல்லை. அதிபர் கோபிக்கவில்லை. "ஒருக்கால் வந்து பாருங்கோ" என்று மட்டும் மறுமொழி தந்தார்.

வந்து பார்த்தோம். கிழக்குச் சுவரில் ஷெல் விழுந்த வெடிப்பு அடியிலிருந்து வளை வரைக்கும் போயிருந்தது. ஓடுகள் பாதி இல்லை. விறாந்தைத் தூண் ஒன்று கை வைத்தால் ஆடியது. முருகைக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய சுவர். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கத் தொடங்கினால் அதைப் பிடித்து நிறுத்துவது கஷ்டம். பக்கத்தில், தகரக் கொட்டிலில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வெயிலில் அவிந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் எங்கள் கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டோம். இடித்தது சரி. இதை மேடையில் சொல்லவேண்டும் என்று ஒன்பது பேரும் ஒத்துக்கொண்டோம். இன்றைக்கும் சிலர் அதிபரைக் குறை சொல்வது எங்கள் காதுக்கு வருகிறது; அது நியாயமில்லை.

எங்கள் மண்ணில் பெண்பிள்ளைகளின் படிப்புத் தொடங்கியதே விடுதியோடுதான். உடுவிலில் அமெரிக்க மிஷன் 1824 இல் தொடங்கியது விடுதிப் பாடசாலை. தங்குவதற்கு இடம் இருந்தபடியால்தான் தீவுப் பிள்ளையும் வன்னிப் பிள்ளையும் யாழ்ப்பாணத்தில் படித்தார்கள். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குக் கடல், அங்கிருந்து பட்டணத்துக்கு பஸ். தினமும் வந்துபோய்ப் படிக்கிற தூரமா அது? றங்குப்பெட்டியும் பாயும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிற தகப்பனின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்ற விறாந்தை அது. எல்லோரும் அழுதோம். அழவில்லை என்று ஒருவர் மட்டும் சாதிக்கிறார். மற்ற எட்டுப் பேரும் அதை நம்பவில்லை.

1990 ஆனியில் சண்டை திரும்பவும் மூண்டது. கரண்ட் போனது, யாழ்தேவி நின்றது, பொருளாதாரத் தடை வந்தது. தீவுப்பகுதிப் பிள்ளைகள் சிலருக்கு விடுமுறையிலும் போவதற்கு வீடில்லை. மண்ணெண்ணெய் மருந்து மாதிரி ஆனது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, திரி போட்டுக் கொளுத்துவோம். ஒரு விளக்குக்கு நாலு பேர். உயர்தரம் படித்த அக்காமாருக்குச் சுவர்ப்பக்கம், எங்களுக்கு இருட்டுப் பக்கம். சவுக்காரம் இல்லாத நாட்களில் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். காய்ந்த பிறகும் வெள்ளைச் சட்டையில் அந்த வாசம் போகாது. தேத்தண்ணிக்குச் சீனி இல்லை, பனங்கட்டி. அதையும் கடித்துக் குடித்தால் ஒரு துண்டு, கரைத்தால் இரண்டு என்று மேற்றன் கணக்கு வைத்திருந்தார்.

இடிப்பதற்கு முன் படுக்கை அறைக்குள் போனபோது, சுவரில் விளக்குப் புகை அப்படியே இருந்தது. எத்தனையோ தரம் வெள்ளை அடித்திருக்கிறார்கள். சுண்ணாம்பை மீறிப் பழுப்பாய், பிறை மாதிரி, வரிசையாய்த் தெரிந்தது. எண்ணினோம், ஏழு. எங்கள் காலத்தில் ஏழு விளக்குகள்தான்.

இனி, நாங்கள் சொல்ல வந்த விஷயம்.

இந்த மலரில் அதிபர்களின் படங்கள் இருக்கின்றன. மேற்றன்மாரின் பெயர்கள் இருக்கின்றன. புதிய கட்டடத்துக்குப் பணம் தந்தவர்களின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. எங்கள் ஒன்பது பேருடையதும் அதில் உண்டு. குசினியில் எங்களுக்குச் சமைத்த ஆச்சியின் பெயர் எங்கும் இல்லை.

ஆச்சி என்றுதான் கூப்பிட்டோம். மேற்றனும் ஆச்சி என்றுதான் கூப்பிட்டார். விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டுவார். மா இருந்தால் புட்டு, இல்லாவிட்டால் மரவள்ளிக்கிழங்கும் சம்பலும். அரிசி குறைந்த நாட்களில் ஒடியல்மாக் கூழ். மீன் இல்லாத அந்தக் கூழைக் குடித்துவிட்டு நாங்கள் சொன்னவற்றை இங்கே சொல்ல முடியாது. ஆச்சி திட்டுவார். பிறகு யாருக்கோ காய்ச்சல் என்றால் அவர்தான் இரவில் பாய்க்குப் பக்கத்தில் குந்தியிருப்பார்.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி, திங்கட்கிழமை. வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளியேறவேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்கள். அப்போது விடுதியில் மிச்சம் இருந்தது ஏழு பேர், எல்லாரும் வன்னிப் பிள்ளைகள். இந்த உரையை எழுதியவர்களில் மூன்று பேர் அந்த ஏழில் இருந்தோம். மேற்றன் பிள்ளைகளின் சான்றிதழ்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். ஆச்சி நேரே கிணற்றடிக்குப் போய், வாளியைக் கழற்றிவிட்டு, கயிற்றை எடுத்து வந்தார். "இதைப் பிடிச்சபடி நடவுங்கோ, ஒருத்தரும் விடக்கூடாது." அவ்வளவுதான் சொன்னார். கல்லூரிக் கயிற்றை எடுக்கிறீர்களே என்று மேற்றன் கேட்டதும் எங்களுக்கு நினைவிருக்கிறது. அந்த நேரத்திலும் பொருட்பட்டியல் அவர் மனதில் இருந்திருக்கிறது. அவரையும் குறை சொல்ல முடியாது.

நாவற்குழிப் பாலத்தில் மழை. சைக்கிள்கள், மாட்டு வண்டில்கள், பிள்ளைகள், கிழவர்கள், ஆடுகள் எல்லாம் ஒரே நெரிசல். ஒரு மணித்தியாலத்தில் ஒரு கட்டை தூரம் போயிருக்கமாட்டோம். பெற்றோரைத் தவறவிட்ட பிள்ளைகள் பெயர் சொல்லிக் கத்துகிற சத்தம் இருட்டுக்குள் கேட்டது. நாங்கள் ஏழு பேரும் தவறவில்லை. முன் நுனியில் மேற்றன், பின் நுனியில் ஆச்சி. விடிந்த பிறகு கைகளைப் பார்த்தோம். ஈரக் கயிறு உள்ளங்கைத் தோலை உரித்திருந்தது. அன்று பின்னேரம் சாவகச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. ஆச்சி மூன்று கல்லு வைத்துக் கஞ்சி காய்ச்சினார். சில நாட்களில் எங்கள் வீட்டார் வந்து, கிளாலிக் கடலால் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆச்சி அங்கேயே நின்றார்.

அதற்குப் பிறகு அவரை நாங்கள் காணவில்லை. முதலில் தேட முடியவில்லை. 2002 இல் ஏ9 பாதை திறந்தபோது தேடியிருக்கலாம், தேடவில்லை. ஒருவர் கனடாவில், ஒருவர் கொழும்பில், ஒருவர் கிளிநொச்சியில் பிள்ளைகுட்டியோடு. இதற்குச் சமாதானம் சொல்ல நாங்கள் வரவில்லை.

விடுதி இடிபட முன் அலுவலகத்தில் இருந்த பழைய கொப்பிகளைப் பார்த்தோம். சம்பளக் கொப்பி ஒன்று கறையான் தின்ன மிஞ்சியிருந்தது. அதில் "சமையல்" என்று எழுதி, எதிரே தொகை மட்டும் போட்டிருக்கிறது. கையெழுத்து இடத்தில் பெருவிரல் அடையாளம். மேற்றன் இப்போது இல்லை. ஆச்சியின் ஊர் கரவெட்டிப் பக்கம் என்று ஒருவர் சொல்கிறார், இல்லை புத்தூர் என்று இன்னொருவர்.

இடித்தபோது இறக்கிய பனைவளைகள் நல்ல வைரம். ஏலத்தில் உடனே விலைப்பட்டன. அதில் ஒன்றை அதிபர் எங்களுக்காக வைத்திருக்கிறார். புதிய சாப்பாட்டு மண்டப வாசலில், இருக்கை மாதிரி, அதைப் பொருத்தலாம் என்று அனுமதியும் தந்திருக்கிறார். அதில் ஆச்சியின் பெயரை வெட்ட வேண்டும். "ஆச்சி" என்று மட்டும் வெட்டலாம் என்றும் எங்களில் சிலர் சொன்னோம். கூடாது என்று முடிவெடுத்தோம். அவருக்கும் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்தது.

ஆகவே அக்காமாரே, எங்களுக்கு முன் விடுதியில் இருந்தவர்களே, பக்கத்து ஒழுங்கைகளில் வளர்ந்தவர்களே: மெலிந்த உருவம், இடது கையில் பழைய எரிகாயத் தழும்பு, காதில் சிவப்புக்கல் தோடு, வெள்ளிக்கிழமைகளில் நல்லூருக்கு நடந்தே போய்வருவார். உங்களில் எவருக்காவது அவருடைய பெயர் தெரிந்திருந்தால், உறவினர் எவரையும் அறிந்திருந்தால், தயவுசெய்து சொல்லுங்கள். கூட்டம் முடிந்ததும் தேத்தண்ணி மேசைக்குப் பக்கத்தில் கொப்பியோடு நிற்போம்.