கணவர் பெறாத பதக்கம்



தோட்டத்துப் பள்ளியில் பாடம் சொல்லித் தருகிறவர்களுக்குப் பாடத்தோடு ஓர் எழுத்துவேலையும் சேர்ந்தே வரும். பிறப்புப் பத்திரம், ஈ.பி.எஃப். பாரம், உதவித்தொகை விண்ணப்பம் என்று மாலையில் யாராவது ஒருவர் வாசலில் நிற்பார். அப்படி ஒரு நாள் வந்து நின்றவர் எண்பத்தாறு வயதுப் பாட்டி ஒருவர். கையில் ஒரு துணிமூட்டை.

"டீச்சரம்மா, எங்க வீட்டுக்காரரு பட்டாளத்துல இருந்தவரு. அவருக்கு வர வேண்டிய மெடலு வரவே இல்ல. எழுதிக் கேட்டுப் பார்க்கிறீங்களா?" என்றார்.

கணவர் காலமானது 1991-ஆம் ஆண்டில். இத்தனை ஆண்டு பேசாமல் இருந்தவருக்கு இப்போது எதற்குப் பதக்கம் என்று நான் நினைத்தேன். காரணம் நான்தான் என்பது பிறகு தெரிந்தது. சுதந்திர மாதத்தில் என் வகுப்புப் பிள்ளைகளைத் தத்தம் குடும்பப் பெரியவர்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தேன். பாட்டியின் கொள்ளுப்பேரன் எழுந்து, "எங்க தாத்தா சோல்ஜர்" என்றான். "லாரி ஓட்டுனவரு எப்படிடா சோல்ஜர்?" என்று ஒருவன் கேட்க, வகுப்பே சிரித்தது. நானும் அவனைப் பார்த்து, "ஆதாரம் இருந்தால் கொண்டு வா, பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டேன். பிள்ளை அதை அப்படியே வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறான்.

இனி, அந்தத் தாத்தா எந்தப் படையில் இருந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். நம்மில் பலருக்கு இந்தச் செய்தி தெரியாது. 1948 ஜூன் மாதம் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக்கொல்லப்பட்டதை அடுத்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 ஜூலை 31 வரை நீடித்தது. லயங்களைச் சுற்றி முள்வேலி, ஊரடங்கு, அளந்து கொடுத்த அரிசி ஆகியவற்றை நம் பாட்டிமார் இன்றும் சொல்வார்கள். அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் இராணுவம் இந்நாட்டு இளைஞர்களையும் தன் பிரிவுகளில் சேர்த்துக்கொண்டது. 'மலாயன் அதர் ரேங்க்ஸ்' என்று அவர்களைக் குறிப்பிட்டார்கள். சுருக்கமாக எம்.ஓ.ஆர். லாரி ஓட்டுநராக, தந்தித் தொடர்பாளராக, பொறியியல் பிரிவில் தொழிலாளராகத் தமிழ் இளைஞர்களும் அதில் இருந்தார்கள். நம் தாத்தா 1954-இல் சேர்ந்து 1959-இல் விலகியவர். இராணுவத்தின் சரக்குப் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்ட 'ராயல் ஆர்மி சர்வீஸ் கோர்' என்ற பிரிவில் லாரி ஓட்டினார். அந்தப் பிரிவில் 'டிரைவர்' என்பதே ஒரு படைப்பதவியின் பெயர். ஆகவே லாரி ஓட்டியவர் சிப்பாயா என்ற கேள்விக்கு அங்கேயே விடை இருக்கிறது.

மலாயாவில் அந்தக் காலத்தில் பணியாற்றிய படையினருக்கு வழங்கப்பட்டது பொதுச் சேவைப் பதக்கம். வெள்ளியால் ஆனது. ஊதா நிற நாடா, அதன் நடுவில் ஒரு பச்சைக்கோடு. நாடாவின் கீழே 'மலாயா' என்று பொறித்த ஒரு சிறு பட்டை. பதக்கத்தின் விளிம்பில் பெற்றவரின் படை எண், பதவி, பெயர், பிரிவு ஆகியவற்றைப் பொறித்திருப்பார்கள். சட்டையில் குத்திக்கொண்டால் விளிம்பு யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் அதுதான் முக்கியம்.

பாட்டியின் மூட்டையில் இருந்தவை: கணவரின் மரணப் பத்திரம், பழைய அடையாள அட்டையின் நகல், பிள்ளைகள் நால்வரின் பிறப்புப் பத்திரங்கள், தொப்பியணிந்த இளைஞர் பத்துப் பேர் லாரி முன்னால் நிற்கும் ஒரு படம், கரையான் அரித்த ஒரு சிறு புத்தகம். அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் படை எண் அழியாமல் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் தெம்பு வந்தது. அம்மாமார்களே, உங்கள் வீட்டில் இப்படிப்பட்ட புத்தகமோ கடிதமோ இருந்தால் தயவுசெய்து எரித்துவிடாதீர்கள். பெயரை வைத்துத் தேடுவது கடினம். எண்ணை வைத்துத் தேடுவது எளிது.

பெயரை வைத்துத் தேடுவது ஏன் கடினம்? சுப்பிரமணியம் என்ற ஒரு பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம்! படையில் எழுதியவர் வெள்ளைக்காரக் கிளார்க். பிறப்பைப் பதிந்தவர் வேறு ஒருவர். அடையாள அட்டையை எழுதியவர் மூன்றாமவர். நம் பாட்டியின் கணவர் பெயர் மூன்று காகிதத்தில் மூன்று விதமாக இருந்தது. மூன்றும் ஒருவரே என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில், அதாவது பெசுருஹ்ஜாயா சும்பாவிடம், ஒரு 'சூராட் அக்குவான்' செய்துகொள்ள வேண்டியிருந்தது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று வந்தது. இறந்துபோன படைவீரரின் பதக்கத்தைக் கேட்கும் உரிமை சட்டப்படி நெருங்கிய உறவினருக்கே உண்டு. அவர்களில் முதல் இடம் மனைவிக்கு. இவர் மனைவிதான் என்பதற்குக் காகிதம் எங்கே? 1957-இல் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கங்காணி முன்னின்று தாலி எடுத்துக்கொடுக்க நடந்த திருமணம் அது. பதிவு கிடையாது. இதைக் கேட்டுப் பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "நாலு புள்ள பெத்தேன், முப்பத்துநாலு வருசம் சோறாக்கிப் போட்டேன், என்னை யாருன்னு கேக்குறாங்களா?" என்றார்.

கோபம் நியாயமானதே. நம் நாட்டில் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய 1976-ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1-இல்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் வழக்கப்படி நடந்த திருமணங்களைச் சட்டம் செல்லாது என்று சொல்லவில்லை, ஏற்றுக்கொள்கிறது. ஆனால் ஏற்றுக்கொள்வது வேறு, கையில் காகிதம் இருப்பது வேறு. அப்படிப்பட்ட பழைய திருமணங்களை விரும்பினால் பின்னரும் பதிந்துகொள்ள அதே சட்டத்தில் வழி வைத்திருக்கிறார்கள். தம்பதியர் இருவரும் உயிரோடு இருக்கும்போதே அதைச் செய்வது நல்லது. உங்கள் வீட்டில் அப்படி வயதான தாய் தந்தையர் இருந்தால் இந்த மாதமே பதிவுத் துறைக்குப் போய் விசாரியுங்கள். பதக்கத்துக்காக மட்டும் சொல்லவில்லை. வீடு, நிலம், சேமநிதி என்று எல்லாவற்றிலும் இந்தக் கேள்வி வரும்.

பாட்டிக்கு அந்த வழி இல்லை. ஆகவே பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களில் தாய் தந்தை பெயர் இருந்ததைக் காட்டினோம். திருமணத்தை நேரில் கண்டவர்களில் உயிரோடிருந்த இரண்டு பேரைத் தேடிப் பிடித்தோம். ஒருவர் பக்கத்துப் பட்டணத்தில் மகன் வீட்டில் இருந்தார். அவர் சத்தியப் பிரமாணத்தில் ரேகை வைத்தார்.

பிறகு கடிதம். இங்கே நான் செய்த ஒரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன். "மெடலு இல்ல" என்று பாட்டி சொன்னதை நான் ஆங்கிலத்தில் 'பதக்கம் தொலைந்துவிட்டது' என்ற பொருளில் எழுதிவிட்டேன். தபாலில் போடுமுன் ஓய்வுபெற்ற பெரிய கிராணி ஒருவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "டீச்சர், தொலைந்ததா, வரவே இல்லையா?" என்று கேட்டார். வித்தியாசம் பெரிது. ஒரு முறை வழங்கப்பட்ட பதக்கம் களவு போனாலோ தீயிலோ வெள்ளத்திலோ அழிந்தாலோ, அதுவும் சான்றோடு கேட்டால்தான், மறுபடி கொடுப்பார்கள். கைமறதியாகத் தொலைத்ததற்கும் அடகுக் கடையில் மூழ்கியதற்கும் மாற்றுப் பதக்கம் கிடையாது. ஆனால் ஒருபோதும் பெறாத பதக்கத்தை எத்தனை ஆண்டு கழித்தும் கேட்கலாம். ஒரு சொல்லால் பாட்டியின் வாசலை நானே அடைக்கப் பார்த்தேன். கடிதத்தைத் திருப்பி எழுதினேன்.

எழுதுமுன் பாட்டியிடம் தனியாக ஒன்றைக் கேட்டேன். "தாத்தா வாங்கி, கஷ்டத்துக்கு வித்திருப்பாரோ, பாட்டி?" அவர் சிறிது நேரம் பேசவில்லை. "என் தோட்டைக்கூட அடகு வெச்சாரு, ஆனா சொல்லிட்டு வெச்சாரு. மெடலுக்குப் பேரு எழுதிக்கிட்டாங்க, அப்புறம் வரலேன்னு சாகுற வரைக்கும் சொன்னாரு" என்றார்.

விண்ணப்பம் இங்கிலாந்தில் குளோஸ்டர் நகருக்கு அருகே உள்ள தற்காப்பு அமைச்சின் பதக்க அலுவலகத்துக்குப் போனது. இதற்குக் கட்டணம் இல்லை. கணவரின் பணிப் பதிவை மனைவி கேட்டாலும் கட்டணம் இல்லை. 'வாங்கித் தருகிறேன், இருநூறு வெள்ளி கொடு' என்று யாராவது வந்தால் அவரை நம்பாதீர்கள். பதக்கத்தோடு பென்ஷனும் வரும் என்று சொல்வாரையும் நம்பாதீர்கள். பதக்கம் பதக்கம்தான். இன்னொன்று: இது பிரிட்டிஷ் படையில் இருந்தவர்களுக்கான வழி. மலேசியப் படையில் பணியாற்றியவர்களின் மனைவிமார் நமது படைவீரர் விவகாரத் துறையைத்தான் முதலில் நாட வேண்டும்.

காத்திருந்த மாதங்களில் பாட்டிக்கு ஒரு செய்தி சொன்னேன். அவசரகாலத்திலும் இந்தோனேசிய எதிர்ப்புக் காலத்திலும் இங்கு வந்து பணியாற்றிய வெளிநாட்டுப் படையினருக்கு நம் அரசாங்கம் 'பிங்காட் ஜாசா மலேசியா' என்ற பதக்கத்தை அளிக்க முன்வந்தது. பிரிட்டிஷ் அரசு 2006-இல் என்ன சொன்னது தெரியுமா? வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அணியக் கூடாது! அணிய அனுமதி கிடைத்தது 2011 கடைசியில். அதற்குள் எத்தனையோ கிழவர்கள் கண்ணை மூடிவிட்டார்கள். இதைக் கேட்ட பாட்டி, "அந்த ஊர்லயும் என்னைப் போல ஒருத்தி உக்காந்திருப்பா" என்றார்.

பதினொரு மாதம் சென்று பதிவுத் தபாலில் ஒரு சிறு பெட்டி வந்தது. தபால்காரர் பாட்டியிடம் ரேகை வாங்கிக்கொண்டு போன பிறகு, அவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பெட்டியைத் திறக்கவில்லை. நான் வந்துதான் திறந்தேன். கொள்ளுப்பேரன் பக்கத்தில் நின்றான். பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. "விளிம்புல என்ன போட்டிருக்கு, படிங்க டீச்சரம்மா" என்றார்.

முதலில் எண். பிறகு 'டி.வி.ஆர்.', டிரைவர் என்பதன் சுருக்கம். அதன்பின் பெயர், கடைசியில் ஆர்.ஏ.எஸ்.சி. பெயரைப் பார்த்ததும் எனக்குச் சங்கடமாகிவிட்டது. அந்தக் கிளார்க் 1954-இல் எழுதியபடியே இருந்தது, பாதி எழுத்து இடம் மாறி. அதை உள்ளபடியே வாசித்தேன். "யாரு அது?" என்றார் பாட்டி. சொன்னேன்.

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அப்படித்தான் கூப்பிடுவாங்களாம், சொல்லியிருக்காரு" என்றார். பதக்கத்தைக் கையில் வாங்கி, முந்தானையால் ஒரு முறை துடைத்து, கொள்ளுப்பேரனிடம் நீட்டினார். "நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போ. பத்திரமா சாயங்காலம் கொண்டு வந்துடணும்."

மறுநாள் முதல் பாடவேளையில் அவனைத்தான் பேசச் சொன்னேன்.